விரிசலின் நுனி

மே மாத வெயில். முடிச்சூரில் எங்கள் தெரு முனையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போகிறவர் வருகிறவரெல்லாம் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எங்களைப் பார்க்கிறார்கள்.

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்து நாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு வீட்டுக்குள் வந்தது. கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் லாரியில் படகேற்றி வந்து ஆட்களை மாடியிலிருந்து இறக்கினார்கள். அதற்கப்புறம் தெருக்காரர்கள் காசு போட்டு வாங்கியதுதான் இந்தப் பன்னிரண்டடி அலுமினியப் படகு. வருஷம் முழுக்கக் கிடக்கும். மேலே பூனை தூங்கும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது இறக்கினோம்; தண்ணீருக்கடியில் நின்ற ஒரு கேட்டின் ஈட்டிமுனை அடித்தகட்டைக் கிழித்துவிட்டது. எந்த வீட்டுக் கேட் என்று அந்த வீட்டுக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பேசிக்கொள்வதில்லை.

அப்போது கையில் கிடைத்த பசையை வைத்து நான்தான் அடைத்தேன். இந்தக் கோடையில் விரலால் நெம்பினால் வடைபோல் மொத்தமாகக் கழன்று வந்தது.

*

பின்தெரு சார் ஏர்ஃபோர்ஸில் விமான உடலை ரிப்பேர் செய்தவர். தாம்பரம் விமானப்படைத் தளத்தில்தான் பயிற்சி, ஓய்வுக்குப் பிறகு இங்கேயே வீடு. அலுமினியத்தைத் தொடும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும்.

ஆர்கான் வெல்டிங் அடித்தால் என்ன என்று கேட்டேன். “மெலிசு தகடுப்பா,” என்றார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஆனால் அதன்மேல் காற்று போர்த்தியிருக்கும் ஆக்சைடு தோல் உருக 2000க்கும் மேல் வேண்டும். பாலாடைக்குக் கீழே பால் கொதிக்கிற மாதிரி, தோல் அப்படியே நிற்க உள்ளே குழம்பாகிவிடும். பகல் வெளிச்சத்தில் இரும்பைப்போலச் சிவந்து காட்டவும் செய்யாது. பழகாத கை என்றால் பொத்தென்று ஓட்டைதான். இங்கே பழகிய கைகள் இருக்கின்றன. ஆனாலும் சூடுபட்ட ஓரம் வலு குறைந்துவிடும் என்பது சாரின் கவலை. ரிவெட்தான் அவருக்கு மதம்.

*

விரிசல் எங்கே முடிகிறது? கண்ணுக்கு நாலு விரற்கடை நீளம். சார் அதை நம்பவில்லை. மண்ணெண்ணெய் தடவினார், கொஞ்ச நேரம் ஊறவிட்டார், துணியால் சுத்தமாகத் துடைத்தார், சாக்பீஸைப் பொடித்துத் தூவினார். பிறகு சும்மா உட்கார்ந்தோம். டீ வந்தது. வெள்ளைப் பொடியில் மெல்ல ஒரு ஈரக்கோடு எழுந்தது. கண் பார்த்த இடத்தையும் தாண்டி, ஒரு நகத்தின் அளவு நீண்டிருந்தது.

அந்தக் கோட்டின் நுனியைச் சற்றுத் தாண்டி, மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போட்டார்.

எனக்கு நெஞ்சு பதறியது. ஒழுகுகிற படகில் இன்னொரு ஓட்டை! ஆனால் விரிசல் ஓடுவது அதன் நுனி கூர்மையாக இருப்பதால்தான். இழுக்கிற விசையெல்லாம் அந்த ஒரு புள்ளியில் போய்க் குவிகிறது. வட்டத்துக்குள் வந்து விழுந்தால் அதற்கு நுனி இல்லை. விரிசலின்மேல் வைத்து ரிவெட் அடிக்கவேண்டிய ஒட்டுத்தகட்டின் மூலைகளையும் இதற்காகத்தான் உருட்டி வெட்டச் சொன்னார். 1954இல் கடலில் விழுந்த காமெட் விமானம் ஒன்றில், கூரையிலிருந்த சிறு திறப்பின் மூலைப்பக்கம்தான் விரிசல் தொடங்கியதாம். அதைச் சொல்லும்போது அவர் டிரில்லை அணைத்துவிட்டார்.

*

விரிசலுக்குப் பக்கத்தில் யாரோ எப்போதோ முடுக்கிய ஓர் இரும்பு போல்ட். அதைச் சுற்றி உப்புப் பூத்தாற்போல வெள்ளைத் தூள். சுரண்டினால் குழி குழியாக. ஈரத்தில் இரும்போடு சேர்ந்திருந்தால் அலுமினியம்தான் அரிபடும். அம்மா புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்கவிடமாட்டாள். காரணம் வேறு, குழி அதே குழி. அந்த இடத்தையும் சேர்த்து ஒட்டு பெரிதானது.

*

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே சார் சுத்தியலோடு. உள்ளே நான், தலைகீழ்ப் படகுக்கடியில் மல்லாந்து படுத்து, கனமான இரும்புக் கட்டியை ரிவெட்டின் தலையோடு அழுத்திப் பிடிக்கிறேன். டிங்கரிங் பட்டறையில் அதை டாலி என்பார்கள். அடி விழும் ஓசை காதுக்கு வருமுன் முழங்கைக்கு வந்துவிடுகிறது. சரியாகப் பிடித்தால் அடிக்கு அடி சத்தம் மாறி, கட்டை ஒலியாக அடங்கும். தண்டின் நுனி நசுங்கி, அதன் குறுக்களவைப்போல் ஒன்றரை மடங்கு அகலத்தில் பொத்தானாகிவிட்டால் போதும். அதற்குமேல் அடித்தால் விறைத்து வெடிக்கும். முப்பத்திரண்டு ரிவெட். ஏழு சரியில்லை என்று டிரில் போட்டு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

உள்ளே படுத்திருந்தபோது கட்டுமரம் ஞாபகம் வந்தது. அதற்கு உள் என்பதே கிடையாது. கட்டைகளுக்கிடையில் தண்ணீர் ஏறும், இறங்கும்; ஓட்டை என்ற சொல்லுக்கே வேலையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கரையில் வந்து குவிந்தவை ஃபைபர் படகுகள். அவற்றுக்கு உள் உண்டு, ஆகவே ஒட்டுப்போடும் வேலையும் உண்டு.

*

கசிவு பார்க்கப் படகைத் தண்ணீரில் விட வேண்டியதில்லை. நிமிர்த்திச் செங்கல்மேல் வைத்து, படகுக்குள் தண்ணீரை ஊற்றினால் ஓட்டை தானே வெளியே வந்து சொல்லும். ஆனால் மே மாதத்தில் தண்ணீருக்கு எங்கே போவது? லாரிக்குச் சொல்லி, காசு கொடுத்து வாங்கினோம். வெள்ளத்துக்கென்று வைத்திருக்கும் படகுக்கு விலைத்தண்ணீர்.

ராத்திரி முழுக்க நின்றது. அடியில் பழைய தினத்தாள் விரித்திருந்தோம். காலையில் சார் குனிந்து ஒவ்வொரு தாளாகத் தடவினார். ஓரிடத்தில் ரூபாய்க் காசளவு ஈரம். மேலே சாக்பீஸால் வட்டம் போட்டார். “ஒரு ரிவெட், அவ்ளோதான்.”

திறந்துவிடலாமா என்று நான் கேட்பதற்குள் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்துவிட்டார். பின்னாலேயே இரண்டு பக்கெட்டுகள். பதினோரு மணிக்குள் படகு காலி.