இழந்த வேலையும் மாய உலகமும்

வேலையை இழந்தவன் எதை இழந்தான்? கூலியை இழந்தான் என்பர் உலகோர். அது மெய்யே. ஆயினும், வேறு வழியில் கூலி கிடைத்த பின்னரும் பழைய வேலையை எண்ணி நெஞ்சம் ஏங்குவதேன்? இவ்வினாவை நூல்களினும் என் வாழ்விலேயே யான் மிகுதியாகக் கற்றேன்.

இளமையில் யான் நெசவாலைத் தொழிலாளி. ஆலை மூடப்பட்டு ஆண்டுகள் பல கழிந்தன. எனினும், முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் நேரத்தில் இன்றும் விழித்துக்கொள்கிறேன். ஊதுவதற்குச் சங்குதான் இல்லை. 1982-இல் பம்பாயில் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் ஆலைகள் பல திறக்கப்படவேயில்லை. சென்னைப் பெரம்பூரில் தலைமுறைகளுக்குச் சோறிட்ட பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. நமது புனே இரயில் நிலையத்தருகே 1893-இல் தோன்றிய இராஜா பகதூர் மில் வளாகத்தில் இன்று உணவு விடுதிகள் நடைபெறுகின்றன. விரும்பியதைப் பிரிதலும் துக்கமே என்று பகவான் அருளியதன் பொருள் ஆலைத் தொழிலாளிக்கு எளிதில் விளங்கும்.

எங்கள் தெருவில் இளைஞர் ஒருவர் இருக்கிறார். லாரி ஓட்டியவர், முதுகெலும்பில் அடிபட்டு அத்தொழிலை விட்டார். இன்று பகலில் காவற்காரராக அமர்ந்திருக்கிறார். இரவிலோ கணிப்பொறி முன் அமர்ந்து லாரி ஓட்டுகிறார்! 2012-இல் வெளிவந்த ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்னும் விளையாட்டு அது. ஐரோப்பியச் சாலைகள் திரையில் விரிகின்றன. முகமறியாத பலர் இணையத்தின் வழியே உடன் ஓட்டி வருகின்றனர். 2003-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘செகண்டு லைஃப்’ போன்ற மாய உலகங்களில் மக்கள் வீடு கட்டுகின்றனர், கடையும் நடத்துகின்றனர்.

“தம்பி, என்ன சரக்கு ஏற்றிச் செல்கிறாய்?” என்று கேட்டேன்.

“சரக்கு ஏதுமில்லை, ஐயா. ஆனாலும் குறித்த நேரத்தில் சேர்க்க வேண்டும்” என்றார். பின்னர், “உருவம் நுரைத்திரள் போன்றது, விஞ்ஞானம் மாயவித்தை போன்றது என்று பகவான் கூறியதைத் தாங்கள்தாமே உபதேசித்தீர்கள்? அப்படியானால் அந்த உலகிற்கும் இந்த உலகிற்கும் வேற்றுமை என்ன?” என்றும் வினவினார்.

இரண்டு நாட்கள் யான் விடையின்றி இருந்தேன்.

நுரை என்றது நிலையாமையைக் குறித்ததாகும். பசியும் நோவும் பொய் என்பது அதன் கருத்தன்று. தறியில் பாவு நூல் அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சிட வேண்டும். தவறினால் துணி பழுதாகும், அடுத்த ஷிப்டுக்காரர் அல்லற்படுவார். விளையாட்டில் சரக்குக் கவிழ்ந்தால் மீண்டும் தொடங்கலாம்; அதனால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே அது குற்றமுமன்று; களைத்தவனுக்கு இளைப்பாறுதல். ஆயினும், தன் கையைப் பிறர் நம்பியிருக்க வேண்டும் என்னும் மனிதனின் பசியை அது தீர்க்காது.

இதனை அவரிடம் கூறியபோது அவர் ஒரு செய்தி சொன்னார். ஓரிரவு, உடன் ஓட்டிவந்தவர் ஒருவர் தம் தந்தை இறந்துவிட்டதாகத் தெரிவித்தாராம். இவர் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, விடியும்வரை அவருடன் பேசிக்கொண்டிருந்தாராம். அன்பர்களே! லாரி பொய், சாலை பொய், அந்த ஆறுதல் பொய்யாகுமா? திரைக்கு அப்பால் அழுதவர் மனிதரன்றோ!

அப்பொழுதுதான் என் ஏக்கத்தின் வேர் எனக்குப் புலப்பட்டது. யான் ஏங்கியது தறிக்காக அன்று. எனக்குக் காய்ச்சல் கண்ட நாளில், கேளாமலே என் தறிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட தோழமைக்காகவே ஏங்கினேன். ஆலை இடிந்தாலும் அத்தோழமைக்கு இடமுண்டு. தறியைப் பற்றிக்கொண்டிருந்த மனம் அதனைக் காணாதிருந்தது.

விளையாட்டை விட்டுவிடு என்று அவ்விளைஞருக்கு யான் கூறவில்லை. “இரவில் ஒருவர் துயர் கேட்க லாரியை நிறுத்தினாயே தம்பி, பகலிலும் அவ்வாறே நின்று கேள்” என்று மட்டும் கூறினேன்.

சங்கு ஊதும் நேரத்தில் யான் இன்றும் விழிக்கிறேன். அந்நேரத்தில், கண்பார்வை மங்கிய பழைய ஆலைத் தோழர் ஒருவரின் வீட்டிற்குச் சென்று மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். தாமதித்தால் அவர் காத்திருப்பார். வேலை என்பது இதுவே என்று யான் கருதுகிறேன். நீங்களும் சிந்திப்பீர்களாக.