சிரிக்கும் குளம்படி

2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைப் புரட்டிப்போட்டபோது, சொந்தக்காரர்கள் விட்டுவிட்டுப் போன பிராணிகளில் மாலி என்ற மட்டக்குதிரையும் ஒன்று. பெட்டை, இளவயதும் இல்லை. வாரக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்ததை மீட்டு ஒரு பண்ணையில் சேர்த்தார்கள். அடைக்கலம் புகுந்த இடத்தில் நாய் ஒன்று அதைக் கடித்துக் குதறியது. முன்னங்கால் சீழ்பிடித்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்நடை அறுவை மருத்துவர்கள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். குதிரை பிழைத்தது, நடந்தது. மருத்துவமனைகளுக்கு அழைத்துப் போய், கை கால் இழந்த குழந்தைகளுக்கு அதைக் காட்டினார்கள். எல்லாம் நல்ல செய்திதான். அந்தச் செய்தியின் ஓரத்தில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. செயற்கைக் காலின் அடியில் வைத்த ரப்பரில் சிரிக்கும் முகம் ஒன்றைச் செதுக்கியிருந்தார்கள். ஈர மண்ணில் மாலி நடந்தால் மூன்று குளம்புத் தடமும் ஒரு சிரிப்பும் விழும்.

அந்தச் சிரிப்பு யாருடையது என்ற கேள்வி என்னை விடுவதாயில்லை. செதுக்கியவர்கள் மீது எனக்குக் குறை எதுவும் கிடையாது. ஒரு குழந்தை அந்தத் தடத்தைப் பார்த்துத் தன் வலியை மறந்திருந்தால் ரப்பருக்கு அதைவிட நல்ல பயன் வேண்டாம். ஆனால் குதிரை அப்படிச் சிரிப்பதில்லை. அழுவதும் இல்லை. வேட்டையாடப்படும் பிராணி தன் நோவை வெளியே காட்டினால் அன்றைக்கே அதன் கதை முடிந்துவிடும். ஆகவே மறைத்துக்கொள்ளும் பழக்கம் அதன் ரத்தத்தில் ஊறியது. 2014-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் குதிரையின் முகத்தில் வலியைப் படிக்க ஆறு அடையாளங்களை வகுத்துக் கொடுத்தார்கள்: விறைத்துப் பின்பக்கம் சாயும் காது, பாதி மூடும் கண், கண்ணுக்கு மேலே இறுகும் தசை, புடைக்கும் தாடை, இறுகிய வாய், விறைத்த மூக்குத் துவாரம். பல நூற்றாண்டுகளாகக் குதிரையோடு வாழ்ந்த மனிதனுக்கு, அதன் முகத்தைப் பார்த்து வலியைத் தெரிந்துகொள்ள 2014-இல் ஓர் அட்டவணை தேவைப்பட்டிருக்கிறது. அடிபட்ட குதிரையைப் பேணுவதில் நம் கருணைக்கு முதலில் வேண்டியது மிகுதி அல்ல, அளவு. அந்த அளவையும் குதிரையின் உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், நம் மனசிலிருந்து அல்ல. இந்த ஒன்றைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

மாலியைப் பிழைக்க வைத்ததும் இந்த அளவுதான். அறுவை செய்யத் தொடக்கத்தில் மருத்துவர்கள் தயங்கினார்கள். குதிரையின் காலை எடுப்பது அரிது; எடுத்த பின் வாழ்வது அதைவிட அரிது. அவர்கள் மனத்தை மாற்றியது அதற்கு அடைக்கலம் கொடுத்தவரின் கண்ணீர் இல்லை, மாலி படுத்த விதம். புண்பட்ட காலுக்குப் பாரம் போகாமல் அது எடையை மாற்றி மாற்றி நின்றது; களைத்தால் தானே படுத்தது; படுக்கைப்புண் வராதபடி பக்கம் மாறிப் படுத்தது; பிறர் உதவிக்கு நின்றால் முரண்டு பிடிக்காமல் ஏற்றுக்கொண்டது. இதன் அருமை புரிய வேண்டுமானால் குதிரையின் கால் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். 500 கிலோ உடம்பில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எலும்பு, நார், தோல், அவ்வளவுதான். காயம் ஆறுவதற்கான ரத்தம் அங்கே தாராளமாக வராது. குளம்பு தரையில் அழுந்தி எழும்போதுதான் கால் நுனியில் ரத்த ஓட்டம் சீராகிறது. ஒரு கால் ஒடிந்தால் பாரம் முழுதும் எதிர்க்காலில் விழும்; நாளடைவில் அந்த நல்ல கால் குளம்புக்குள் வீங்கி, குளம்பையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் திசு கழன்றுவிடும். 2006 மே மாதம் பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கிய பார்பரோ என்ற புகழ்பெற்ற குதிரைக்கு நடந்தது இதுதான். உலகின் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்றில் எலும்பை 27 திருகாணிகளால் பிணைத்தார்கள். ஒடிந்த கால் தேறிவந்தது. ஒடியாத கால் கெட்டது. எட்டு மாதப் போராட்டத்துக்குப் பின் 2007 ஜனவரி 29 அன்று அதை ஊசி போட்டு விடுவித்தார்கள். அதற்கு முன்னால், 1975-இல், ரஃபியன் என்ற பெட்டைக்கு நியூயார்க்கில் நேர்ந்தது இன்னும் கொடியது. ஒடிந்த முன்னங்காலை மருத்துவர்கள் சேர்த்துக் கட்டினார்கள். மயக்கம் தெளிந்ததும் அது கீழே கிடந்தபடியே ஓடத் தொடங்கியது. பந்தயம் இன்னும் முடியவில்லை என்று நினைத்ததுபோல் காலை உதைத்து, கட்டையும் நொறுக்கி, காலையும் கெடுத்துக்கொண்டது. அன்றிரவே அதற்கு முடிவு வந்தது. மூன்று குதிரைகளுக்கும் கிடைத்த அன்பில் குறைவில்லை. பிழைத்தது, தானே படுக்கத் தெரிந்த குதிரை. அதன் உடம்பு கொடுத்த சம்மதத்தைக் காத்திருந்து படித்த மருத்துவர்கள் அதற்கு வாய்த்தார்கள்.

இங்கே எப்போதோ படித்த மார்க்கோ போலோவின் குறிப்பு குறுக்கே வருகிறது, விட்டுவிட மனமில்லை. 13-ஆம் நூற்றாண்டின் முடிவில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த அவர், இங்குள்ள அரசர்கள் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்றும் எழுதுகிறார். குதிரை வைத்தியர்கள் இல்லை, பேணத் தெரியவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். விற்கிறவர்கள் வைத்தியர்களை வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு குத்தலும் உண்டு. பெரிய பெட்டையைப் பெரிய ஆண் குதிரையோடு சேர்த்தாலும், பிறப்பது கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டிதான் என்றும் சேர்த்திருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும், கடலில் செத்த குதிரைக்கும் அரசாங்கக் கருவூலமே விலை கொடுத்தது என்றும் சொல்கிறார். தீனியையும் விவரிக்கிறார்: வறுத்த வாற்கோதுமை, வெண்ணெயில் சமைத்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். மருமகனுக்கு விருந்து வைப்பதுபோல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குதிரைகள் அக்கறையில்லாமல் செத்தன என்று இதைப் படித்தவர்கள் சொல்ல முடியாது. புல்லை நாள் முழுக்கச் சிறுகச் சிறுகக் கடிக்கப் படைக்கப்பட்ட வயிற்றில் மாவுச்சத்தைக் கொட்டினால் வயிற்றுக் குத்தலும் குளம்பு நோயும் வரும் என்பது இன்றைக்குக் கால்நடை மருத்துவத்தின் பாலபாடம். தானியமும் தவிடும் மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு நொய்ந்துபோகும்; கோணல் கால் குட்டிகளின் ரகசியம் அதில் ஒரு பங்காவது இருக்கலாம் என்பது என் ஊகம். கடற்கரைப் புழுக்கம், போர், கரடுமுரடான சவாரி எல்லாமும் கொன்றிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெண்ணெயும் தன் பங்குக்குக் கொன்றது என்றே நினைக்கிறேன். அந்த வெண்ணெய்க்கும் ரப்பரில் செதுக்கிய சிரிப்புக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டும் நம் மகிழ்ச்சியைக் குதிரையின் மேல் பூசிப் பார்ப்பவை. ஒன்று தீங்கற்றது, மற்றது தீங்கானது, அவ்வளவே வேறுபாடு.

மீட்டு வந்த பெட்டை சினையாக இருந்தால் இந்த வாதம் கூர்மையாகிறது. அப்படி நேர்வது அபூர்வமும் அல்ல. பதினொரு மாதச் சினை. எலும்பும் தோலுமான உடம்பில் கடைசி மாதங்கள் வரை வயிறு தெரியாமலே போகலாம். மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கைக் கருவிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. குதிரைக்குட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. குதிரையின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. சீம்பாலில்தான் எல்லாம் வர வேண்டும். குட்டியின் குடல் அந்தச் சீம்பாலை உள்ளபடி ஏற்பது முதல் சில மணி நேரம்தான். ஒரு நாள் கழிந்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் காம்பைப் பிடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்று குதிரை வளர்ப்பவர்கள் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். கால் ஒடிந்த தாய் நின்று பால் கொடுக்க முடியாதபோது கறந்து ஊட்டலாம்; உறைய வைத்த சீம்பாலைக் கொண்டுவரலாம்; பிறகு ரத்தத்தைச் சோதித்துக் குறையைச் சரிசெய்யலாம். இதுவரை மனிதக் கை போதும். அதன் பிறகுதான் மனிதக் கை ஆபத்தாகிறது. புட்டிப்பால் குடித்து, மடியில் தலை வைத்துத் தூங்கி, சட்டைப் பையை முகர்ந்து வளர்ந்த குட்டி தன்னைக் குதிரையென்றே அறியாமல் போகலாம். ஒரு மாதத்தில் செல்லமாகக் கடிப்பது, இரண்டு வயதில் 400 கிலோவோடு மேலே பாயும். அதிலும் ஆண் குட்டி என்றால் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே அனுபவசாலிகள் சீக்கிரமே புட்டியை எடுத்துவிட்டு வாளியில் பால் வைக்கிறார்கள், கொஞ்சாமல் விலகிப் போகிறார்கள். தாய்க் குதிரை காதைப் பின்னால் மடித்து முறைத்தும், பின்பக்கத்தைத் திருப்பியும், வேண்டுமானால் ஒரு கடி கடித்தும் சொல்லிக்கொடுக்கிற மரியாதையை எந்த மனிதனாலும் சொல்லிக்கொடுக்க முடியாது. குட்டி தாயின் லத்தியைத் தின்று தன் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களைச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்து முகம் சுளித்து விலக்கிவிடுகிறவர், நல்லெண்ணத்தோடு கெடுதல் செய்கிறார்.

அனாதைக் குட்டிக்கு வேறொரு தாயைத் தேடித் தரலாமே என்றால், அந்த வழியிலும் ஒரு முள் இருக்கிறது. அமெரிக்காவில், முக்கியமாகக் கென்டகியில், விலையுயர்ந்த பந்தயக் குட்டிகளுக்குப் பால் கொடுக்கச் செவிலிக் குதிரைகளை வாடகைக்கு விடுவது ஒரு தொழில். பால் வேண்டுமானால் அந்தக் குதிரை ஈன்றிருக்க வேண்டும். அது ஈன்ற குட்டியைச் சில நாளிலேயே பிரித்துவிடுகிறார்கள். அந்தக் குட்டிகளைக் காப்பாற்றவே தனியாக மீட்பு அமைப்புகள் உண்டு. ஓர் அனாதைக்குத் தாய் கிடைக்க இன்னோர் அனாதை பிறக்கிறது. ஈனாத பெட்டைக்கு மருந்து கொடுத்துப் பால் சுரக்கவைக்கும் முறை இருப்பது கொஞ்சம் ஆறுதல். அதுவும் முடியாத இடத்தில், பாலில்லாவிட்டாலும் சாதுவான கிழட்டுக் குதிரை ஒன்றைப் பக்கத்தில் கட்டி வைப்பது பத்து மனிதர்களின் பராமரிப்பைவிட மேல்.

ஆளுக்கே மருத்துவமனையில் படுக்கை கிடைக்காத நாட்டில் குதிரைக்கு இத்தனை பாடா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குதிரைக்குச் செலவிடாத பணம் தானாகவே நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததில்லை. வாழ்நாள் முழுவதும் சவாரிக்கும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் பயன்படுத்திவிட்டுத் தெருவில் விடப்பட்ட உயிருக்குச் செய்வது தானம் அல்ல, பாக்கி. இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறொன்று உண்டு: அளவு, நிதானம் என்று பேசி, கடைசியில் கொன்றுவிடலாம் என்பதற்கு வழி கோலுகிறாயா என்பது. இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் பழையது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் மீள முடியாத நோவில் துடித்த கன்றுக்குட்டியை ஊசி போட்டு முடிக்கச் செய்தார் காந்தி. அது அகிம்சைதான் என்று எழுதவும் எழுதினார். கோபக் கடிதங்கள் குவிந்தன. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் தேற முடியாத வேதனையிலிருக்கும் பிராணியை விடுவிக்க வழி வைத்திருக்கிறது. இருந்தும் கொல்லக் கை வராமல், எழுந்திருக்க முடியாத குதிரையைச் சாகும்வரை கிடக்க விடுவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கொல்லாமையின் பெயரால் நடக்கும் அந்தச் சித்திரவதையை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சமயம், செலவுக்கு அஞ்சி முதல் நாளே ஊசியை எடுப்பவரையும் ஏற்க முடியவில்லை; மாலி முதல் நாளே போயிருக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, ஓர் இடத்தில் என் வாதம் நின்றுவிடுகிறது. தேற வழியில்லாத தாய், காலடியில் குட்டி. குட்டிக்குத் தாய்ப்பால் நான்கைந்து மாதம் வேண்டும். தாயின் உடம்பு போதும் என்கிறது. குதிரையின் உடம்பிடம் அளவு கேள் என்றேன். இங்கே இரண்டு உடம்புகள் இரண்டு அளவு சொல்கின்றன. வலி மருந்து கொடுத்து நாளைத் தள்ளினால் தாயை ஒரு பால் பாத்திரமாக ஆக்குகிறோம். சீம்பாலோடு நிறுத்தினால் குட்டியின் பள்ளிக்கூடத்தை மூடுகிறோம். தாய்க்குக் குட்டியின் மேலுள்ள பற்றே அதை வாழவைக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் ரப்பரில் செதுக்கிய சிரிப்போ என்னவோ. சீம்பால் கொடுத்த பின் தாயின் வலியே முந்தியது என்ற பக்கம் நான் சாய்கிறேன், உறுதியாக அல்ல. அப்படியொரு குதிரையை ஏற்றுக்கொண்டவர்கள் ஒன்று செய்யலாம்: எந்த அடையாளம் தெரிந்தால் நிறுத்துவது என்பதை, மனம் தெளிவாக இருக்கும் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.