சுரண்டி எறிந்த மெழுகு

2024 ஜனவரியில் ஆஸ்லோ நகரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். நண்பர் எழுபதைக் கடந்தவர். அவருடைய பேத்திக்குப் புதிய ஸ்கீக்கள் வந்திருந்தன. மலைச்சரிவில் பனிமேல் சறுக்கி இறங்கக் காலில் பூட்டிக்கொள்ளும் நீண்ட கட்டைகள். குழந்தை அவற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பெரியவர் தடுத்துவிட்டார். கடையிலிருந்து வந்ததை அப்படியே பனியில் வைக்கக் கூடாதாம்.

நிலவறையில் ஸ்கீயைக் கவிழ்த்து வைத்தார். இஸ்திரிப் பெட்டி போன்ற ஒன்றைச் சூடாக்கி, மெழுகுக் கட்டியை அதில் அழுத்தினார். மெழுகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. பெட்டியை நுனியிலிருந்து வால்வரை நகர்த்திக்கொண்டே இருந்தார். ஒரே இடத்தில் நின்றால் பாலிஎதிலீன் அடிப்பாகம் வெந்துவிடும். முதல் பூச்சைச் சூடு ஆறுமுன் சுரண்டினார். மெழுகோடு உள்ளே கிடந்த அழுக்கும் வந்தது. மறுபடி பூசினார், ஆறவிட்டார், சுரண்டினார், பிரஷ்ஷால் தேய்த்தார். இப்படி நான்கு தடவை. தரையெல்லாம் மெழுகுச் சீவல். ஸ்கீயின் மேல் ஒன்றுமே காணோம்!

"சுரண்டி எறியவா இவ்வளவும் பூசினீர்கள்?" என்றேன்.

"உள்ளே இறங்கியது போதும். மேலே நிற்பது இழுத்துப் பிடிக்கும்" என்றார்.

அப்போதுதான் மருமகன் வந்து அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். ஃபுளோரின் கலந்த பழைய மெழுகுப் பொடி. ஞாயிற்றுக்கிழமை பந்தயம்; ஒரு சிட்டிகை தூவினால் என்ன, குழந்தைகள் பந்தயத்தில் யார் சோதிக்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம்.

சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம் 2019-இல் அறிவித்த தடை 2023-24 பருவத்தில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் ஆறாவதாக வந்த நார்வே வீராங்கனை ராக்ன்ஹில்ட் மோவின்கெல், ஸ்கீயில் ஃபுளோரின் இருந்ததாகச் சோதனை காட்டியதால் தகுதி இழந்தார். அந்த விதி ஸ்கீயைத்தான் பார்க்கிறது. ஓடியவரின் மனத்தைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் அது இன்னும் ஆறாத பேச்சு.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் மருமகன் பக்கம்தான் இருந்தேன். நியாயம் என்ற பேச்சு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பணக்காரக் குழந்தைக்கு நல்ல ஸ்கீ, இல்லாத குழந்தைக்கு இரவல் ஸ்கீ. இதைச் சகித்துக்கொள்கிறவர்கள் ஒரு சிட்டிகைப் பொடியைக் கண்டு ஏன் அலற வேண்டும்? சாதாரண மெழுகும் ஓர் உதவிதானே?

பெரியவர் வாதாடவில்லை. தம் பதினைந்து வருஷத்தைச் சொன்னார். சங்கத்துப் பிள்ளைகளுக்காக ஜன்னலில்லாத அறையில், இரவு முழுவதும் அந்தப் பொடியைச் சூட்டில் உருக்கியவர் அவர். பரிசு வாங்கியவர்கள் வெளியே பனிக்காற்றைச் சுவாசித்தார்கள், புகை இவருக்கு. ஸ்வீடனிலும் நார்வேயிலும் மெழுகு பூசுவோரின் இரத்தத்தைச் சோதித்தபோது, அந்த ரசாயனங்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தன. அவை எளிதில் சிதைவதில்லை. ஸ்கீயிலிருந்து பனிக்கு, பனி உருகி மண்ணுக்கும் நீருக்கும் போய்ச் சேர்கின்றன.

என் கேள்வி அங்கே இடம் மாறிவிட்டது. குழந்தைக்குக் கிடைக்கும் வேகம் அவளுடையதா என்பது பெரிய விஷயமில்லை. யாருடைய மூச்சைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்பதல்லவா விஷயம்? அந்த ஒரு சிட்டிகையையும் ஒருவர் உருக்கித்தான் தீர வேண்டும். மருமகனுக்குப் பெட்டி பிடிக்கத் தெரியாது.

அவர் புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனார். பெரியவர் அதைக் காகிதத்தில் சுற்றி, நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்துக்கென்று தனியே வைத்தார்; குப்பைத்தொட்டியில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழந்தை பதினேழாவதாக வந்தாள். வண்டியில் ஏறியதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தாத்தாவுக்கு மெழுகு பூசவே தெரியவில்லை" என்றாள்.

பெரியவர் மறுக்கவில்லை. அன்றிரவும் நிலவறையில் விளக்கு எரிந்தது.