காட்டும் கண்

2020 டிசெம்பர் 2 இரவு. திருகோணமலைக்கு வடக்கே புரெவிப் புயல் கரையேறிக்கொண்டிருந்தது. பருத்தித்துறை வீட்டு விறாந்தையில் நான் ஃபோனில் இன்சாட் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் எங்கள் கடலை விட்டுக் கண்ணெடுக்காத செயற்கைக்கோள் அது. இருட்டிலும் முகிலின் வெப்பத்தை அளக்கும். குளிர்ந்த உச்சிகள் வெள்ளையாய்த் தெரியும்.

அம்மா எட்டிப் பார்த்தா. "எங்கட வீடு தெரியுதோ, பிள்ளை?"

"இல்லையம்மா. இதில ஒரு புள்ளியே நாலு கிலோமீற்றர்."

"அப்ப இது காட்டுது. காணேல்லை."

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு இரண்டு உபகாரம் சொல்லும்: உயிருக்குக் காட்டுவது, உயிரோடு உடன்நின்று தானும் காண்பது. மேலிருந்து எல்லாம் பார்ப்பதுதான் கடவுளின் பார்வை என்று அதுவரை எண்ணியிருந்தேன். அம்மா சொன்னது மற்றது. ஆனாலும் காட்டுவதைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வராது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது அப்படியொரு கண் எங்கள் வானில் இல்லை.

அம்மா டோர்ச்சை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினா. அடுத்த வளவில், கிடுகுக் கூரைக்குக் கீழே, ஆச்சி தனியே இருந்தா. நான் குடையோடு பின்னால் போனேன்.