அந்த அக்கா என்ன ஆனாங்க?

பெரிய மனிதர்களின் வாழ்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது வெற்றியைத்தான் முன்னால் வைக்கிறோம். விஞ்ஞானி என்றால் கண்டுபிடிப்பு, வீரர் என்றால் பதக்கம். ஆவணப் புகைப்படக்காரரின் வாழ்க்கையை அப்படிச் சொல்ல முடியாது. அவர் வாழ்நாளெல்லாம் செய்தது மற்றவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்ததுதான். ஆனாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் லூயிஸ் ஹைனைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் படங்களில் நிற்பவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளின் வயதுக்காரர்கள்.

ஹைன் 1874இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே அப்பாவை இழந்து தொழிற்சாலை வேலைக்குப் போனவர். பிறகு நியூயார்க்கில் பள்ளி ஆசிரியரானார். கேமரா அவர் கைக்கு வந்ததும் அந்தப் பள்ளியில்தான். 1908இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஊர் ஊராகக் கிளம்பினார். பஞ்சாலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள் என்று பிள்ளைகள் வேலை பார்த்த இடமெல்லாம் போனார்.

படமெடுக்கத்தான் வந்திருக்கிறேன் என்றால் முதலாளிகள் உள்ளே விடுவார்களா? பைபிள் விற்பவராக, தபால் அட்டை விற்பவராக, இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகச் சொல்லிக்கொண்டு நுழைந்தார். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்கும்: “அப்போ அவர் பொய் சொன்னாரா?” சொன்னார், வாசலில். படத்திலும் அதன் குறிப்பிலும் மட்டும் துளிப் பொய் கலந்துவிடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். ஒன்று பொய் என்று அகப்பட்டாலும் அத்தனையையும் பொய் என்று தள்ளிவிடுவார்களே. பெரியவர்களுக்கே சங்கடமான இந்த இடத்தை மழுப்பாமல் பேசினால், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள்.

அவர் குறிப்பெடுத்த விதம் எனக்குப் படங்களைவிடவும் முக்கியமாகத் தோன்றுகிறது. தரையிலிருந்து தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் எத்தனை உயரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்தே உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே எழுதிக்கொள்வார். தென் கரோலினாவின் லங்காஸ்டர் பஞ்சாலையில் 1908 நவம்பர் 30 அன்று எடுத்த படத்தில் ஒரு சிறுமி, நீண்டு போகும் நூற்பு இயந்திரத்தின் முன்னால் நிற்கிறாள். உயரம் 48 அங்குலம், ஆறு மாதமாக வேலை பார்க்கிறாள் என்கிறது குறிப்பு. உங்கள் வீட்டுச் சுவரில் நாலடி உயரத்தில் ஒரு கோடு போட்டு, பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வேறு விளக்கம் வேண்டியிருக்காது.

1910இல் வெர்மாண்ட் மாநிலப் பஞ்சாலை ஒன்றில் எடுத்த படம் இன்னொன்று. அழுக்கேறிய உடை, வெறுங்கால், இயந்திரத்தின் மேல் ஊன்றிய கை. தனக்குப் பன்னிரண்டு வயது என்றாள் அந்தச் சிறுமி. பத்துதான் என்றார்கள் உடன் வேலை பார்த்தவர்கள். ஹைன் இரண்டையுமே எழுதி வைத்தார். பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்தவள், இனி இங்கேயே இருக்கப் போகிறாள் என்றும் எழுதினார். முடியாமலே போன விடுமுறை! அது என்னவென்று பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் படத்தைப் பார்க்கும் பிள்ளை கேமராவைப் பற்றிக் கேட்காது. “அந்த அக்கா அப்புறம் என்ன ஆனாங்க?” என்றுதான் கேட்கும். நாமோ, “அதெல்லாம் அந்தக் காலம்மா” என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஒரு முகத்தைப் பார்த்தபின் அவர் கதி என்னவென்று விசாரிக்காமல் இருக்க முடியாத மனசு, அதுதான் ஹைனின் தொழிலுக்கு முதல். அது பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தைத் திருப்பித் திருப்பி அதை மழுங்கடிப்பவர்கள் நாம்தான்.

அந்தக் கேள்விக்குப் பதிலும் உண்டு. 1998இல் அந்தச் சிறுமியின் முகம் அமெரிக்கத் தபால்தலையில் வந்தது. அந்தப் படத்தை வைத்து நாவல் எழுதிய எலிசபெத் வின்த்ராப் அவள் யார் என்று தேடிப் போனார். பதிவுகளில் குடும்பப் பெயரே தவறாக இருந்தது. கண்டுபிடித்தபோது, தபால்தலை வருவதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அந்தப் பெண் தொண்ணூறு வயதைக் கடந்து இறந்துபோயிருந்தார்.

ஹைன் என்ன ஆனார் என்பதையும் மறைக்க வேண்டாம். குழந்தைத் தொழிலுக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் 1916இல் வந்தது, 1918இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 1938இல்தான் நிலைத்து நின்ற சட்டம் வந்தது. கதையை அங்கேயே நிறுத்தினால் இனிமையாக இருக்கும். ஆனால் அடுத்த இரண்டே ஆண்டுகளில், வாங்குவாரில்லாத படங்களோடும் கையை விட்டுப்போன வீட்டோடும் ஹைன் வறுமையில் இறந்தார். நல்லது செய்தவருக்கு எப்போதும் நல்லதே நடக்கும் என்ற பொய்யை இந்த வாழ்க்கையின் மேல் ஏற்றினால், குறிப்பில் துளிப் பொய்யையும் அனுமதிக்காத மனிதருக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஹைன் எடுத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். கீழே உள்ள குறிப்பையும் தமிழில் சொல்லுங்கள். கேள்வி வந்தால் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.