முயலகன் இருந்த இடம்

திருவண்ணாமலை ரமணாச்ரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. 1948ல் இறந்த பசு. பக்கத்திலேயே ஒரு மானுக்கும், காக்கைக்கும், நாய்க்கும். இந்த ஊர்க்காரன் என்ற முறையில் அந்தக் கருணையில் எனக்கும் பங்கிருப்பதாகவே நினைத்து வந்திருக்கிறேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்பது வெகுநாள் கழித்தே உறைத்தது: பிராணி நம் கண்ணெதிரே இருக்க வேண்டும், அதற்கு ஒரு பெயர் இருந்தால் இன்னும் நல்லது.

என் தங்கை மகளுக்கு வலிப்பு உண்டு. முதல்முறை பள்ளிக்கூட வராந்தாவில் விழுந்தபோது யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். இப்போது தினமும் ஃபெனிடாயின் மாத்திரை. அதன் குணத்தை மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் பூனைகளுக்கு மின் அதிர்ச்சியால் வலிப்பு உண்டாக்கிக் கண்டறிந்தார்கள். 1938ல் அது நோயாளிகளுக்குக் கிடைத்தது. பூனைகளின் இடத்துக்குப் பிறகு எலிகளும் சுண்டெலிகளும் வந்தன. ரசீன் என்பவர் 1972ல் எலியின் வலிப்பை ஐந்து படிகளாக வகுத்தார். முதற்படியில் வாயும் முகமும் துடிக்கும். ஐந்தாவதில் முன்கால்கள் வெட்டியிழுக்க, எலி நிமிர்ந்து நின்று விழும். அதைப் படித்தபோது பள்ளிக்கூட வராந்தா கண்முன் வந்தது.

ருக்மிணி தேவி 1953ல் ராஜ்ய சபையில் மூட்டிய விவாதத்தின் பலன், 1960ம் வருஷத்திய பிராணி வதைத் தடுப்புச் சட்டம். அது பரிசோதனைகளைத் தடுக்கவில்லை. வலி தெரியாதபடி மயக்க மருந்து கொடுத்துச் செய்யச் சொல்கிறது; சிறிய பிராணி போதுமென்றால் பெரியதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஆனால் மயக்க மருந்துகளில் பெரும்பாலானவை வலிப்பையே அடக்கிவிடும். பிறகு சோதிக்க எதுவும் இராது. சட்டத்தின் கருணை வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போவது சிறிய பிராணி மட்டும்.

வலிப்பின்போது நினைவே இராது, ஆகவே வேதனையும் இல்லை என்று ஒரு சமாதானம் உண்டு. குழந்தைக்கு அந்தச் சில நிமிஷங்கள் ஞாபகமில்லைதான். அதற்கு முந்தைய கணத்தின் திகிலும், விழித்தபின் வரும் களைப்பும் அவளுடையவை. எலிக்கு மட்டும் இவை கிடையாது என்று சொல்ல எனக்கு என்ன ஆதாரம்?

குழந்தையா எலியா என்று கேட்டால் யோசிக்காமல் குழந்தை என்பேன். இதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் அடுத்த அடியில். அவசியம் என்று நிரூபித்துவிட்டால் தவறு தவறில்லாமல் போய்விடுமா? போகாது என்றே நினைக்கிறேன். தவறு தீர்ந்துவிட்டதாக நம்புகிறவனுக்குப் பத்து எலியும் நூறு எலியும் ஒன்று. தீரவில்லை என்று அறிந்தவன்தான், இத்தனை தேவையா, முன்பே செய்த சோதனையை மறுபடி செய்ய வேண்டுமா, இந்த எலியை இதற்குமேலும் வதைக்காமல் முடித்துவிடலாமே என்றெல்லாம் கேட்பான். ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ல் மாற்று, குறைப்பு, செம்மை என்று மூன்றாக வகுத்தது இந்த உறுத்தலைத்தான். உறுத்தல் போனால் மூன்றும் வெறும் படிவத்தில் நிரப்பும் கட்டங்கள்.

போன வருஷம் தங்கையின் வேண்டுதலுக்காகத் திருச்சி பக்கத்துத் திருவாசிக்குப் போனோம். பழைய பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் என்ற வலிப்பைச் சம்பந்தர் பாடித் தீர்த்த தலம். எங்கள் ஊர் உட்பட மற்றக் கோயில்களில் நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் அங்கே இல்லை; அந்த இடத்தில் ஒரு பாம்பு. நோயைப் பாம்பாக்கி அதன்மேல் ஆடினாராம். நான் நம்பிக்கையுள்ளவனல்ல. இருந்தும் வெகுநேரம் நின்றேன். பெண் குணமானாள் என்பதோடு கதையை முடிக்காமல், காலடியில் கிடக்கும் பிராணியையும் அங்கே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

"பாம்பு என்ன பண்ணிச்சு மாமா?" என்றாள் குழந்தை.

ஒன்றும் பண்ணவில்லை என்று சொன்னேன். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.