தெய்வத் திருமணமும் அறுந்த மரபும்

தெய்வத்துக்குத் திருமணங் கூறி விழாவெடுக்கும் வழக்குப் பண்டைச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவாம். கிரேக்க நாட்டு அதென்ஸ் நகரத்தார், தம் முதற்றெய்வமாகிய ஜீயஸுக்கும் அவன் தேவியாகிய ஹீராவுக்கும் ஆண்டுதோறும் மணவிழா நிகழ்த்தினர். தெய்வமணம் எனப் பொருள்படும் தியோகாமியா என்பது அதன் பெயர். அது நிகழ்ந்த திங்களும் மணம் என்னும் சொல்லடியாகக் கமேலியோன் எனப்பட்டது. அத்திங்கள் நம் தை மாசிகளை ஒட்டி வருவது. அதன் 27ஆம் நாளே விழா நாள் என்பர்.

கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் உரோமப் பேரரசன் தியோடோசியஸ் பிறப்பித்த சட்டங்களால் அந்நாட்டுப் பழைய கோயில் வழிபாடுகள் விலக்கப்பட்டன. நாளடைவில் பலியும் பூசையும் ஒழிந்தன. ஏறத்தாழ 1600 ஆண்டு கழிந்தபின், 2007 ஜனவரி 21ஆம் நாள், அதென்ஸிலுள்ள ஒலிம்பிய ஜீயஸ் கோயிலின் இடிபாடுகளிடையே சிலர் கூடி அத்தெய்வ மணத்தைப் போற்றி வழிபட்டனர். பழஞ்சமயத்தைப் போற்றுவோர் 1997இல் ஒரு பேரவையும் கண்டனர். 2017இல் கிரேக்க அரசு அச்சமயத்தை அறியப்பட்ட சமயங்களுள் ஒன்றாக ஏற்றது. வேறு நாடுகளிலும் சிலர் தத்தம் இல்லங்களில் நறும்புகையும் தேனும் மலரும் படைத்து அந்நாளைக் கொண்டாடி வருகின்றனர்.

ஈண்டு இரண்டு கடாக்கள் எழும். தெய்வத்துக்கு மணங் கூறுதல் தகுமோ என்பது ஒன்று. குருபரம்பரை அறுந்துபோன கிரியையை ஏட்டையுங் கல்வெட்டையுங் கொண்டு மீட்டல் வழிபாடாமோ, வெறும் கூத்தாமோ என்பது மற்றொன்று.

முதற்கடாவைக் கிரேக்க அறிஞரே எழுப்பினர். ஹோமர் இயற்றிய இலியத்தின் 14ஆம் பகுதியில், போரினின்றும் ஜீயஸின் கருத்தை மாற்றுதற்பொருட்டு ஹீரா தன்னை ஒப்பனை செய்துகொண்டு ஐடா மலையில் அவனை மயக்கினாள் எனக் கதை கூறப்படுகின்றது. களவும் பிறன்மனை நயத்தலும் வஞ்சமும் தெய்வங்களுக்கு ஏற்றிக் கூறினரெனப் புலவர்களைச் செனோபனீஸ் கடிந்தார். பிளேட்டோவும் தமது குடியரசு என்னும் நூலில் ஐடா மலைக் கதையை இளைஞர் கேட்டற்கு ஆகாததென விலக்கினார்.

ஆயின், கதை வேறு, கிரியை வேறு. அத்திக்க நாட்டு எர்க்கியா என்னும் ஊரிற் கி.மு. 4ஆம் நூற்றாண்டிற் கல்லிற் பொறிக்கப்பட்ட வழிபாட்டு நாள்வரிசை, கமேலியோன் 27ஆம் நாள் பலி பெறுவோரை எடுத்துரைக்கின்றது. ஹீராவின் கோயிலிற் குழவிகளை வளர்க்குந் தெய்வமும், ஹீராவும், நிறைவாக்குவோன் என்னும் பெயர் பூண்ட ஜீயஸும், பொசைடனும் அன்று பலி பெற்றனர். ஹீராவுக்கும் நிறைவாக்குவோள் என்னும் பெயர் உண்டு. மயக்கிய கதைக்கும் அக்கல்லுக்கும் எவ்வளவு சேய்மை! கதை காமத்தைப் பேசுகின்றது. கிரியையோ மனையறத்தின் நிறைவையும் மக்கட்பேற்றையும் நோக்கி நிற்கின்றது. புலவர் நாவிற் கெட்டது மனைவாழ்வார் கையிற் காக்கப்பட்டதென்க.

சித்தாந்தத்தார்க்கு இதன் விடை எளிது. சிவமுஞ் சத்தியும் ஞாயிறும் ஒளியும்போலப் பிரிவின்றி நிற்பன. குறையுடைய இருவர் கூடி நிறைவெய்தும் மணம் அன்று அது. முதல்வன் போக வடிவங் கொள்ளுதல் தன் இன்பங் கருதியன்று. உயிர்கள் போகந் துய்த்து வினை கழித்து ஈடேறுதற்பொருட்டேயாம். இவ்வளவைகொண்டு நோக்கின், சினமும் வேட்கையும் மேற்கொள்ளக் கலங்கும் ஜீயஸ், புலவர் கூறியவாறே கொள்ளப்படின், பசுவர்க்கத்துட் படுவானன்றிப் பதியாகான். எனினும், இருவரையும் நிறைவாக்குவோர் என வாழ்த்திய இல்லறத்தாரின் உள்ளம் கதையைக் கடந்து சென்றதென்பதில் ஐயமில்லை.

இனி இரண்டாங் கடா. எர்க்கியாக் கல் தெய்வத்தின் பெயரையும், இடத்தையும், பலியையும், அதன் விலையையுங் கூறும். வழிபட்டோர் ஓதிய மொழியையும், உள்ளத்துக்கொண்ட பாவனையையுங் கூறாது. மந்திரம், கிரியை, பாவனை என்னும் மூன்றனுட் கிரியையின் ஒரு கூறே எஞ்சியது. கற்பிக்கும் ஆசிரியனோ இலன். ஆதலின் இது கூத்தே என்பர் ஒருசாரார்.

அற்றன்று. பொயோத்திய நாட்டுப் பிளாத்தீயா நகரத்து வழக்கைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகிய பௌசானியாஸ் எழுதிவைத்துள்ளார். ஹீரா கணவனோடு ஊடிப் பிரிந்தாள். ஜீயஸ் ஒரு மரப்பாவையை மணப்பெண்போல் அணிசெய்து வண்டியிலேற்றி, மறுமணஞ் செய்வதாகக் கூறினான். ஹீரா விரைந்து வந்து ஆடையைக் கிழித்து, மரமெனக் கண்டு மகிழ்ந்து ஊடல் தீர்ந்தாள். இதன் நினைவாக எடுக்கும் பெருவிழாவில் 14 மரப்பாவைகள் கித்தேரோன் மலையுச்சிக்கு ஏற்றப்பெற்று எரியூட்டப்பட்டன. அவ்விழா 60 ஆண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்தது. நகரத்தார் நாடிழந்து அலைந்த காலத்து விழா அத்துணை ஆண்டு நின்றுபோயிற்று என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அறுந்த நூலை முடிந்து, முடிச்சை மறையாது, அதனையே விழாவின் கால அளவாக்கினர் அப்பெருமக்கள்.

60 ஆண்டும் 1600 ஆண்டும் ஒப்பாகா என்பது மெய்யே. முன்னதில் விழாவைக் கண்ட முதியோர் சிலரேனும் எஞ்சியிருத்தல் கூடும். பின்னதில் ஒருவரும் இலர். ஆயினும் அதனாற் பெறப்படும் அறம் ஒன்றே: அறுந்ததை அறுந்ததென ஒப்புதல் வேண்டும். இடையறாது வந்த மரபு இதுவென இக்காலத்தார் கூறுவராயின் அது பொய்யாம். பொய்யின்மேல் நின்ற பூசை நில்லாது. முன்னோர் பெருமையைப் பறைசாற்றும் பொருட்டே தெய்வத்தை அழைப்பராயின், தெய்வம் கொடித்துணியாய் விடும். இவ்விரண்டும் இன்றி, தம் மணவாழ்வு தூயதாக வேண்டுமென்று கணவனும் மனைவியும் ஒரு துளி தேனை அன்போடு படைப்பரேல், அதனைக் கூத்தென்று இகழ்தல் ஆகாது.

எத்தெய்வத்தை யார் வழிபடினும், ஆங்கே அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றுப் பயனளிப்போன் மாதொரு கூறுடைய முதல்வனே எனச் சிவஞான சித்தியார் அறுதியிட்டது. அவ்விடத்து அந்நூல் முதல்வனை அம்மையோடு கூட்டியே கூறியது சிந்திக்கற்பாலது. அருளே அம்மையாதலின், அயலார் படைத்த தேனும் அவ்வருளின் எல்லைக்குப் புறம்பாதல் எங்ஙனம்?

இதனாற் சைவர் தமக்கும் ஒன்று தெளியலாம். அறாத மரபு பெரும்பேறு; அதனை உடையார் அதனால் மட்டுமே வழிபட்டாராகார். திருக்கல்யாணப் பந்தரில் நெருங்கி நின்று கண்டு, மனைக்கு மீண்டு வாழ்க்கைத் துணையைக் கடுஞ்சொல்லாற் சுடுவானுக்கு, ஆசாரியர் வழிவந்த மந்திரமுங் காட்சியளவிற் கூத்தே. மரபு அறுந்தார்க்கு வேண்டுவது வாய்மை. மரபு உடையார்க்கு வேண்டுவது அன்பு. தெய்வத் திருமணத்தின் பயன் அவரவர் இல்லத்தின்கண் மறுநாட் காலையிற் காணப்படுமென்க.